மொட்டை மாடியில் மட்டும் விழுந்த போர்டு

இன்றோடு 41 நாள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் நோட்எம்சியூ போர்டு (தொட்டியின் தண்ணீர் அளவை வைஃபையில் கீழே அனுப்பும் சின்னக் கணினிப் பலகை) இத்தனை நாளில் தானாக ஒருமுறைகூட ரீசெட் ஆகவில்லை. கரண்ட் போய் வந்த நாலு தடவையை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. அதற்கு முந்தைய ஐந்து வாரம் இதே போர்டு, கிட்டத்தட்ட இதே கோட் (போர்டில் ஓடும் நிரல்), இதே சென்சார், ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை விழுந்து விழுந்து எழுந்தது, அதாவது தானாக நின்று மறுபடி தொடங்கியது. இந்த மாதிரி வேலையில் இறங்கும் யாருக்காவது உதவும் என்பதால், எங்கே தப்பாகத் தேடினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தாம்பரம் பக்கம் எங்கள் வீடு. கீழே சம்ப், மேலே 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. மோட்டார் சுவிட்ச் சமையலறைப் பின்வாசலில் இருக்கிறது. தொட்டி நிறைந்ததா என்று பார்க்க அம்மா இரண்டு மாடி ஏற வேண்டும். முழங்கால் வலியோடு அவர் அதைச் செய்வதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏறாவிட்டால் தண்ணீர் வழிந்து வீணாகும், அதுவும் மே மாதத்தில். அதனால் தொட்டிக்கு மேலே ஒரு சென்சார், அதைப் படித்து வைஃபை வழியாக அனுப்ப ஒரு போர்டு, சுவிட்சுக்குப் பக்கத்தில் எண்ணைக் காட்ட இன்னொரு போர்டு என்று முடிவு செய்தேன். மோட்டாரைத் தானாக நிறுத்தும் ரிலே வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டேன். மோட்டாரைப் போடுவதும் அணைப்பதும் அம்மா கையில் இருக்கட்டும், கண் மட்டும் மேலே இருந்தால் போதும்.

சென்னையில் மின்னணுச் சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது: இஎஸ்பி 8266 சிப் உள்ள நோட்எம்சியூ போர்டு இரண்டு, ஒன்று 320 ரூபாய். தண்ணீர் பட்டாலும் கெடாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது) 450. 0.96 அங்குல ஓலெட் திரை 260. 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் 150. நெட்வொர்க் போடும் கேட்-5 கேபிள் 20 மீட்டர், மீட்டர் 15 ரூபாய். மாடியில் பிளக் பாயின்ட் இல்லை என்பதால் அடாப்டரைக் கீழேயே மாட்டி, கேபிள் வழியாக 5 வோல்ட்டை மேலே அனுப்புவது என் திட்டம். அந்த ஒரு முடிவுதான் பின்னால் என்னை ஐந்து வாரம் அலைய வைத்தது.

முதல் நாள் மாலை முழுக்க, கணினி போர்டையே கண்டுகொள்ளவில்லை. டிரைவரை (போர்டோடு பேசக் கணினிக்குத் தேவையான மென்பொருள்) மூன்று தடவை மாற்றிப் போட்டேன். கடைசியில் யூஎஸ்பி கேபிள்தான் காரணம். பழைய போனோடு வந்த அந்த வயர் சார்ஜ் ஏற்ற மட்டும்தான், உள்ளே டேட்டா கம்பிகளே கிடையாது. வேறு கேபிள் போட்டதும் வந்துவிட்டது.

அடுத்து, சென்சார் வயரைப் போர்டின் எந்தப் பின்னில் (வயர் மாட்டும் உலோகக் கால்) மாட்டுவது என்ற தேர்வு. சென்சார் 5 வோல்ட்டில் ஓடுகிறது, அதன் எக்கோ காலும் (ஒலி திரும்பி வந்ததைச் சொல்லும் கால்) 5 வோல்ட்டையே தரும். இஎஸ்பி சிப்போ 3.3 வோல்ட் சிப். அதனால் எக்கோவுக்கு 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு 3.3 ஆகக் குறைத்து டி4 பின்னில் கொடுத்தேன். போர்டு உயிர் பெறவே இல்லை. சென்சார் வயரைக் கழற்றினால் ஓடும், மாட்டினால் நின்றுவிடும். டி4 என்பது சிப்பின் கணக்கில் ஜிபிஐஓ 2 என்ற பின். போர்டு எழும் அந்தக் கணத்தில் அந்தப் பின் உயர் நிலையில் இருந்தாக வேண்டும். நான் போட்ட 2 கிலோ ஓம் அதைக் கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. டி3, டி8 பின்களுக்கும் இதே போல நிபந்தனை உண்டு. ட்ரிகரை (ஒலியை அனுப்பச் சொல்லும் கால்) டி5க்கும் எக்கோவை டி6க்கும் மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது. இப்போதெல்லாம் புதிதாக எதை மாட்டினாலும் டி5, டி6, டி7, டி1, டி2 இவற்றை முதலில் பயன்படுத்தித் தீர்த்துவிட்டுத்தான் மற்ற பின்களுக்குப் போகிறேன்.

தொட்டியில் சென்சார் பொருத்துவதிலும் ஒரு சிக்கல் வந்தது. இந்தச் சென்சாருக்கு 20, 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது தெரியாது. தொட்டி நிறையும்போது தண்ணீர் மூடியிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் வந்துவிடுகிறது. எப்போது சரியாகச் சொல்ல வேண்டுமோ அப்போதுதான் தப்பாகச் சொல்லும். சென்சாரை மூடிக்கு மேலே உயர்த்தி வைக்க 2 அங்குல பிவிசி குழாய்த் துண்டைப் போட்டுப் பார்த்தேன். குழாயின் உள்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையே தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது, எப்போதும் ஒரே எண். 4 அங்குலக் குழாயில் 20 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, மூடியில் போட்ட ஓட்டையோடு சமமாக உட்கார வைத்த பிறகு ஒழுங்காகப் படித்தது.

வெயிலுக்கு ஏற்ப ஒலியின் வேகம் மாறும், அதற்குத் திருத்தம் போடவா என்று யோசித்தேன். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355. ஒரு மீட்டர் ஆழத்தில் நாலு சென்டிமீட்டர் கூட வித்தியாசம் வராது. எங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒன்பதரை லிட்டர். முப்பது நாற்பது லிட்டர் கூடக் குறைய இருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது. விட்டுவிட்டேன். ஐந்து தடவை அளந்து நடுவில் இருக்கும் எண்ணை எடுப்பது மட்டும் கட்டாயம் வேண்டும், குழாயிலிருந்து தண்ணீர் விழும்போது அலையில் எண் குதிக்கிறது.

மேசையில் மூன்று நாள் ஓட்டினேன். ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் சென்சாரைத் தொங்கவிட்டு, 30 விநாடிக்கு ஒரு யூடிபி பாக்கெட் (வைஃபையில் போகும் சின்னத் தகவல் பொட்டலம்) அனுப்பச் சொன்னேன். மூன்று நாளும் ஒரு பாக்கெட் தவறவில்லை. சரி என்று ஜங்ஷன் பாக்ஸில் போட்டு மாடியில் மாட்டினேன்.

அன்று மதியமே கீழே எண் வருவது விட்டு விட்டுப் போனது.

இரண்டாவது ஞாயிறு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே சமையல் செய்தார். திரையில் 62 என்று இருந்தது. அப்படியே 62 ஆகவே நின்றது. மேலே போர்டு செத்துப்போய், கீழே கடைசியாக வந்த எண்ணே நின்றுகொண்டிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "அத்தை, மாடியிலேருந்து தண்ணி கொட்டுது பாருங்க" என்று கத்தியபோது கால் மணி நேரத்துக்கு மேல் வழிந்திருந்தது. "இதுக்கு நானே ஏறிப் பாத்திருப்பேன்டா" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அது இன்னும் மனதில் நிற்கிறது.

அன்று இரவே முதல் வேலையாகக் கீழ் போர்டின் நிரலை மாற்றினேன். கடைசிப் பாக்கெட் வந்து எத்தனை விநாடி ஆயிற்று என்பதும் எண்ணுக்குக் கீழே சின்னதாக ஓடும். இரண்டு நிமிடம் தாண்டினால் எண்ணே மறைந்து "தகவல் இல்லை" என்று வரும். திரைக்கான எழுத்துரு நூலகம் தமிழ்க் கொம்பையும் புள்ளியையும் சரியான இடத்தில் வைப்பதில்லை, அதனால் அந்த இரண்டு சொல்லைப் படமாக வரைந்து பிட்மேப்பாகச் சேர்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது. எண் தப்பாக இருப்பதைவிட, பழைய எண் புதியது போல நிற்பது மோசம்.

ஆனால் போர்டு ஏன் விழுகிறது? மேலே போர்டு ஒவ்வொரு தடவை எழும்போதும் "இப்போதுதான் எழுந்தேன்" என்று தனியாக ஒரு பாக்கெட் அனுப்ப வைத்து எண்ணினேன். முதல் நாள் 11, மறுநாள் 13. இரவில் குறைவு, மதியத்தில் அதிகம். தொட்டி நிறைந்திருக்கும்போது இன்னும் அதிகம்.

தொட்டி நிறைந்தால் அதிகம் என்றதும் எனக்கு ஒரே எண்ணம், வைஃபை. போர்டுக்கும் ஹாலில் இருக்கும் ரூட்டருக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தளமும் அந்தத் தொட்டியும் இருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே குடித்துவிடும். சிக்னல் அளவு மைனஸ் 83 டிபிஎம் (மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்), நிறைந்த தொட்டியில் மைனஸ் 87 வரை இறங்கியது. இது போதும் என்று 1,100 ரூபாய்க்கு வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாடிப்படி முனையில் மாட்டினேன். விழுவது நாளுக்கு நாலாகக் குறைந்தது.

இந்தக் குறைவுதான் என்னை ஏமாற்றியது. முழுசாக நின்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும், மாறாமல் இருந்திருந்தால் வேறு பக்கம் பார்த்திருப்பேன். பாதி குணமானதால் வழி சரிதான், இன்னும் கொஞ்சம் போனால் போதும் என்று நம்பினேன். பாக்ஸை இடம் மாற்றினேன், சேனலை மாற்றினேன், ரூட்டரில் போர்டுக்கு நிலையான ஐபி ஒதுக்கினேன், கோடில் மீண்டும் இணைக்கும் பகுதியை மூன்று விதமாக எழுதினேன். இரண்டு வாரம் இதிலேயே போயிற்று.

ஒரு சனிக்கிழமை மதியம் மடிக்கணினியையும் யூஎஸ்பி கேபிளையும் எடுத்துக்கொண்டு மாடிக்கே போனேன். தொட்டி நிழலில் உட்கார்ந்து, போர்டில் கேபிளை மாட்டி, போர்டு அனுப்பும் வரிகளைக் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து வைத்தேன். இரண்டரை மணி நேரம். ஒரு தடவைகூட விழவில்லை. வெயில் அடிக்கிறது, தொட்டி நிறைந்திருக்கிறது, ரிப்பீட்டரைக் கூட அணைத்துப் பார்த்தேன், அப்போதும் விழவில்லை. கேபிளைக் கழற்றிக்கொண்டு கீழே வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று தடவை விழுந்திருந்தது.

மறுநாளும் அதே கதை. மடிக்கணினியோடு போனால் நோயே இல்லை. கையில் யூஎஸ்பி கேபிளின் முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே பார்த்தேன். அது டேட்டாவை மட்டுமா கொடுக்கிறது? 5 வோல்ட்டையும் சேர்த்துத்தானே கொடுக்கிறது. நான் நோயைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மருந்தையும் கையோடு கொண்டு போயிருக்கிறேன்.

மல்டிமீட்டரைப் போர்டுக்குள் 5 வோல்ட் நுழையும் விஐஎன் பின்னில் வைத்தேன். 4.71 வோல்ட். மோசமில்லையே என்றுதான் தோன்றும். ஆனால் மீட்டர் காட்டுவது சராசரியை. இஎஸ்பி சிப் வைஃபையில் பேசும் ஒரு சில மில்லி விநாடிக்கு மட்டும் கரண்டை ஒரேயடியாக இழுக்கும். சாதாரணமாக 80 மில்லி ஆம்பியரில் இருப்பது ஒரு கணம் 300ஐத் தாண்டும். அந்தக் கணத்தை மீட்டரால் பிடிக்க முடியாது. அதைப் பிடித்துக் காட்டும் ஆஸிலோஸ்கோப் என்னிடம் இல்லை.

போர்டையே மீட்டராக்கினேன். நோட்எம்சியூவில் வோல்ட்டேஜை அளக்கும் ஏ0 பின்னுக்கு உள்ளேயே 220 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருக்கின்றன, அதனால்தான் 1 வோல்ட் வரை மட்டுமே அளக்கும் சிப்பால் 3.2 வோல்ட் வரை படிக்க முடிகிறது. வெளியே இன்னொரு 220 கிலோ ஓமைத் தொடராகப் போட்டு விஐஎன்னோடு இணைத்தால் 5.4 வோல்ட் வரை படிக்கலாம். 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை படித்து, அந்த விநாடியின் மிகக் குறைந்த எண்ணை அச்சிடச் சொன்னேன். இதைவிட வேகமாகப் படிக்கக் கூடாது, வைஃபையே தடுமாறும். மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுக் கோடில் சின்னத் திருத்தமும் போட்டேன்.

அதைப் படிப்பதற்கு இந்த முறை யூஎஸ்பி இல்லை. போர்டின் வரிகளைக் கணினிக்குக் கொண்டு போகும் தனி டிடிஎல் அடாப்டர் ஒன்றிலிருந்து இரண்டே கம்பி எடுத்தேன்: போர்டு வரிகளை அனுப்பும் டிஎக்ஸ் பின்னுக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று. 5 வோல்ட் கம்பியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். வேகத்தை விநாடிக்கு 74880 பிட் என்று வைத்தேன், இந்தச் சிப் எழும்போது சொல்லும் முதல் வரி அந்த வேகத்தில்தான் வாசிக்கக் கிடைக்கும். வேறு வேகத்தில் வெறும் கிறுக்கலாக வரும்.

பத்து நிமிடத்தில் கண் முன்னே விழுந்தது. 4.68, 4.70, 4.02, 4.69, 3.94, 3.86, அப்புறம் அந்த வரி: 2013 ஜனவரி 8 என்ற ரோம் தேதி (சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் தொடக்க நிரலின் தேதி), ரீசெட் காரணம் 1. காரணம் 1 என்றால் இப்போதுதான் மின்சாரம் வந்தது என்று அர்த்தம். அதாவது யாரோ சுவிட்சை அணைத்துப் போட்டது போல உணர்ந்திருக்கிறது. இன்னொரு தடவை காரணம் 4 வந்தது, அது வாட்ச்டாக், அதாவது சிப் உறைந்து நின்றால் அதை ரீசெட் செய்யும் காவல் கடிகாரம். 3.86லிருந்து, 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் போர்டின் ரெகுலேட்டர் ஒரு வோல்ட்டுக்கும் மேல் தின்றுவிடும், சிப்புக்கு 3.3க்குப் பதிலாக 2.8க்குக் கீழேதான் போய்ச் சேரும். எழுவதும் விழுவதும் நூலிழையில் இருந்திருக்கிறது.

கேபிளை இரு முனையிலும் கழற்றி, மேல் முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கி இணைத்துவிட்டு, கீழே மீட்டரை ஓம்ஸில் வைத்தேன். 3.4. மீட்டர் முனைகளின் சொந்த 0.3ஐக் கழித்தால் 3.1 ஓம். கணக்கும் அதையேதான் சொல்கிறது: கேட்-5 கம்பி மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம், மாட்டிய 18 மீட்டர் போக வர 36 மீட்டர், 3 ஓம். 300 மில்லி ஆம்பியர் ஓடினால் கம்பியிலேயே கிட்டத்தட்ட ஒரு வோல்ட் போய்விடும். ஐந்து வோல்ட்டில் ஒரு வோல்ட்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய குறிகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. தொட்டி நிறைந்தால் சிக்னல் குறையும், போர்டு அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும், கரண்டை அடிக்கடி இழுக்கும். ரிப்பீட்டர் வந்ததும் அந்த மறுஅனுப்பல் குறைந்தது, விழுவதும் குறைந்தது. மதிய வெயிலில் சுவரோடு ஓடும் செம்புக் கம்பியின் தடையும் கொஞ்சம் ஏறும். வைஃபை பலவீனம் உண்மைதான், ஆனால் விழ வைத்தது கம்பி.

சரி, 12 வோல்ட் அடாப்டர் வாங்கி மேலே குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே கேபிளின் வெளி உறையைப் பிளேடால் இன்னும் இரண்டு அங்குலம் சீவினேன். உள்ளே ஆரஞ்சு, பச்சை, பழுப்பு ஜோடிகள் மடிந்து கிடந்தன. எட்டுக் கம்பி உள்ள கேபிளில் நான் நீல ஜோடி ஒன்றை மட்டும் பயன்படுத்திவிட்டு மற்ற ஆறையும் உறைக்குள் மடித்து ஒட்டியிருந்தேன், என் கையாலேயே. முழு நிறக் கம்பி நாலையும் சேர்த்துப் பாசிட்டிவ், வெள்ளைக் கோடு போட்ட நாலையும் சேர்த்து நெகட்டிவ். ஒவ்வொரு முனையையும் முறுக்கி, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் ஏற்றினேன். மீண்டும் அளந்தேன், 0.8 ஓம். திடீர் இழுப்புக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைக்க, விஐஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றையும் போட்டேன். செலவு 12 ரூபாய், கெபாசிட்டருக்கு.

இப்போது குறைந்தபட்ச எண் 4.72க்குக் கீழே இறங்குவதில்லை. அன்றே ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டேன். மைனஸ் 85லும் போர்டு நிற்கிறது. பாக்கெட் ஒன்றிரண்டு தவறும், 30 விநாடியில் அடுத்தது வந்துவிடும்.

இடையில் கரண்ட் போனபோது இன்னொன்று தெரிந்தது. கரண்ட் வந்ததும் போர்டு உடனே எழுந்துவிடும், ரூட்டர் எழ இரண்டு நிமிடம் எடுக்கும். என் கோட் 20 விநாடி தேடிவிட்டுக் கைவிட்டுவிட்டது. 15 விநாடிக்கு ஒருமுறை, கிடைக்கும் வரை தேடும்படி மாற்றினேன். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஒவ்வொரு தடவையும் ஃபிளாஷில் எழுதாமல் இருக்கும்படியும் செய்தேன், அந்த நினைவகத்துக்கு எழுதும் எண்ணிக்கை வரம்பு உண்டு.

மொத்தச் செலவு போர்டு, சென்சார், திரை, கேபிள், அடாப்டர், பாக்ஸ், குழாய், சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து 2,080 ரூபாய். ரிப்பீட்டர் தனி 1,100. அது இப்போது அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறது, அவர் மகன் படிக்கிறான்.

அடுத்த தடவை செய்தால் 12 வோல்ட்டையே மேலே அனுப்பி, தொட்டிக்குப் பக்கத்தில் பக் கன்வெர்ட்டர் வைத்து 5 ஆக்குவேன். அதே வேலைக்குக் கம்பியில் ஓடும் கரண்ட் பாதிக்கும் கீழே வந்துவிடும், 18 மீட்டர் என்ன, 40 மீட்டரும் போகலாம். மேசையில் சோதிக்கும்போது அரை மீட்டர் வயரில் சோதிக்காமல், அந்த 20 மீட்டர் சுருளை அப்படியே நடுவில் போட்டுச் சோதிப்பேன். சென்சார் முகத்தில் விடியற்காலையில் நீர்த்துளி படிகிறது, சில நாள் ஆறு மணி வாக்கில் ஒரு எண் குதிக்கும். குழாயின் மேல் பக்கம் சின்னக் காற்றுத் துளை போட்டுப் பார்க்க வேண்டும், கொசு வலை ஒட்டி.

டிஎக்ஸ், கிரவுண்ட் இரண்டு கம்பியையும் கழற்றவில்லை. பாக்ஸின் கிளாண்ட் (கம்பி நுழையும் இறுக்கமான துளை) வழியாக வெளியே எடுத்து, முனையில் மூடி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்து ஏதாவது வந்தால் பாக்ஸைத் திறக்காமல், மின்சாரம் கொடுக்காமல், கேட்க மட்டும் செய்யலாம்.